நீரா, காற்றா? கணினியைக் குளிர்விக்கும் முன் ஒரு கணக்கு

காற்றோ நீரோ, சாதாரணக் குளிர்விப்பான் எதுவும் கணினியின் சில்லை அறை வெப்பத்திற்குக் கீழே கொண்டு போகாது. லோயாட் பிளாசாவுக்குப் புறப்படும் முன் மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய முதல் உண்மை இது.

சில், அறையைவிட 45 பாகை அதிகம் சூடாவதாக வைத்துக்கொள்வோம். 23 பாகை கொண்ட குளிர்சாதன அறையில் அது 68 பாகையில் நிற்கும். கிள்ளானில் என் வீட்டு மாடியறை மதியத்தில் 33 பாகையைத் தொடும். அங்கே அதே சில் 78. குளிர்நாட்டுக் காணொளிகள் காட்டும் எண்கள் நமக்குப் பொருந்தாததன் காரணம் இதுதான்.

அடுத்து, உங்கள் சில் எவ்வளவு வெப்பத்தைக் கக்குகிறது? ரைசன் 5 7600-க்கு நிறுவனம் குறித்துள்ள அளவு 65 வாட். கோர் ஐ9 14900கே உச்ச வேளையில் 253 வாட் வரை இழுக்கும். முன்னதற்கு வெப்பக் குழாய்கள் கொண்ட கோபுரக் குளிர்விப்பான் தாராளம். அதில் சுழலும் பாகம் விசிறி மட்டுமே. பழுதானால் சுலபமாக மாற்றலாம். பின்னதற்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டருடன் கூடிய நீர்க் குளிர்விப்பு கைகொடுக்கும். ஆனால் அதில் பம்ப் தேயும், உள்ளிருக்கும் நீரும் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும்.

அறை வெப்பத்திற்குக் கீழே குளிர்விக்கும் பெல்டியர் கருவிகளும் உண்டு. மாமாக் கடையில் தே ஓ ஐஸ் குவளை வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஈரக்காற்றில் சுமார் 24 பாகைக்குக் கீழே போகும் எந்தப் பரப்பும் அப்படித்தான் வியர்க்கும். அந்தத் துளி மதர்போர்டில் விழுந்தால் கணினியே போய்விடும்.

பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துப் படிக்கும் என் தம்பி, பகுதி நேர வேலையில் சேர்த்த 500 ரிங்கிட்டை நீர்க் குளிர்விப்பில் போட நினைத்தான். முதலில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே வேலையை ஓட்டச் சொன்னேன். வெப்பம் 12 பாகை இறங்கியது. அடைபட்டிருந்தது பெட்டியின் காற்றோட்டம், குளிர்விப்பானில் குறையில்லை. தூசி வடிகட்டியைக் கழுவி, இரண்டு விசிறிகள் சேர்த்தோம். மிச்சப் பணம் இறுதியாண்டுத் திட்டத்திற்கான கூடுதல் நினைவகத்திற்குப் போனது.

இன்றே இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். தகட்டைக் கழற்றியும் வெப்பம் இறங்கவில்லை என்றால் குளிர்விப்பானை மாற்றுவது பற்றி யோசியுங்கள். எதை வாங்கினாலும் சில்லின் வெப்பம் உங்கள் அறைக்குள்தான் வந்து சேரும். ஆகவே சன்னலையும் திறந்து வையுங்கள், அதற்குச் செலவில்லை.