மழலை வாயில் கோமதி

ஆடித் தபசுக்காகச் சங்கரன்கோவிலுக்கு வந்து, ஆச்சி தாத்தாவோடு சில நாள்கள் தங்கிய பேரக்குழந்தை ஊர் திரும்பியதும் பெற்றோருக்குப் பல வியப்புகள் காத்திருக்கும். இரண்டு வயது நிறையாத அக்குழந்தை சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வரும். என்னவென்று கேட்டால், "தாமி சுத்து" என்று விடை வரும். கொடியேற்றத்திற்குப் பின் பிராகாரத்தை 108 முறையும் அதற்கு மேலும் அடியார்கள் வலம் வரும் ஆடிச்சுற்றை, அது ஆச்சியின் இடுப்பிலிருந்தே கண்டிருக்கிறது. ஊசிமுனையில் ஒற்றைக்காலில் நின்று அம்பாள் தவம் இயற்றினாள் என்பது இவ்வூர் வழக்கு. ஆச்சி அதை நடித்துக் காட்டியிருக்க வேண்டும். குழந்தையும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கும், பொத்தென்று விழும், விழுந்த இடத்திலேயே கைகூப்பும்.

சங்கரநாராயணர் சந்நிதியில் துளசித் தீர்த்தமும் உண்டு, திருநீறும் உண்டு. தீர்த்தத்திற்கு உள்ளங்கையைக் குழித்து நீட்ட வேண்டும், திருநீற்றுக்கு நெற்றியைக் காட்ட வேண்டும் என்பதைக் குழந்தைக்கு யாரும் பாடமாக நடத்துவதில்லை. தாத்தா செய்கிறார், பார்த்துக்கொண்டிருந்த குழந்தையும் செய்கிறது. சங்கனும் பதுமனும் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடிய தலத்தில், அதற்கு இரண்டும் ஒன்றே.

பார்த்ததைப் பல நாள் கழித்தும் செய்துகாட்டும் இந்த ஆற்றலை அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் 1988-இல் ஆராய்ந்து எழுதினார். 14 மாதக் குழந்தைகளின் எதிரே ஒருவர் குனிந்து, ஒரு பெட்டியை நெற்றியால் தொட்டு விளக்கெரியச் செய்தார். ஒரு வாரம் சென்றபின் அப்பெட்டியைக் கொடுத்தபோது, குழந்தைகளில் பெரும்பாலோர் தாமும் நெற்றியால் தொட்டனர். முன்பு அதைக் காணாத குழந்தைகளில் ஒருவர்கூட அவ்வாறு செய்யவில்லை. தரையில் நெற்றி பட விழுந்து வணங்கும் தாத்தாவை நாள்தோறும் கண்ட குழந்தை எதைக் கொண்டுபோகும் என்பது இதனால் விளங்கும்.

ஆனால், குழந்தை நல்லதை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. முழங்காலில் கையூன்றி, "அப்பனே முருகா" என்று முனகியபடி உட்காரும் இரண்டு வயதுக் கிழவரைக் கண்டு வீடே சிரிக்கும். மருமகளைப் பற்றி ஆச்சி அண்டை வீட்டாரிடம் சலித்துச் சொன்ன ஒரு சொல், அதே நீட்டலோடும் அதே முகச்சுளிப்போடும் அக்குழந்தையின் வாயிலிருந்து அந்த மருமகளின் எதிரிலேயே வரும்போது யாரும் சிரிப்பதில்லை. குழந்தைக்கு அதன் பொருள் தெரியாது; தாய்க்குத் தெரியும். அடுத்த விடுமுறைக்குக் குழந்தையை அனுப்புவதா வேண்டாமா என்னும் பேச்சு, பல வீடுகளில் இத்தகைய ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

புற்றுமண்ணும் இப்படி ஒரு பிணக்கை உண்டாக்குவதுண்டு. கோயிற் பிரசாதமான அதை நெற்றியில் இடுவதும் சிறிது உட்கொள்வதும் பெரியோர் வழக்கம். அதைக் கண்ட குழந்தை, ஊருக்குத் திரும்பியதும் பூந்தொட்டி மண்ணை எடுத்து வாயிலிட்டுக்கொண்டு "பித்தாதம்" என்கிறது. மண்ணில் புழு முட்டைகள் இருக்கக்கூடும் என்று தாய் அஞ்சுவதில் தவறில்லை. குழந்தைக்கு நெற்றியில் இடுவதோடு நிறுத்திக்கொண்டால் அம்பாள் குறைவாக அருளப் போவதில்லை.

இன்னும் பேச்சு வராத பேரனுக்காக, ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்த குமரகுருபரரை நினைந்து வேண்டும் பாட்டிமார் உண்டு. வேண்டுதல் நடக்கட்டும், இரண்டு வயதாகியும் சொற்கள் வரவில்லையெனில் காது கேட்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுவதையும் தள்ளிப்போடக் கூடாது.

ஊர் திரும்பிய சில வாரங்களில் ஒற்றைக்கால் தவம் குறையும், மேசை வலம் நிற்கும். எதிரே செய்துகாட்ட ஆள் இல்லையென்றால் குழந்தைக்கு மறந்துபோகும். சில வீடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். விளக்கேற்றும் வேளையில் கைப்பேசியில் ஆச்சியை அழைக்கிறார்கள். திரையில் முகம் தெரிந்ததும் குழந்தை நெற்றியை நீட்டுகிறது. அங்கே ஆச்சி திருநீற்றுக் கிண்ணத்தில் விரலை வைக்க, இங்கே தாய் எடுத்து இட்டுவிடுகிறாள்.