விதானையார்

தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதாயினும், வதிவிடத்தை உறுதிப்படுத்துவதாயினும், யாழ்ப்பாணத்துத் தீவகத்திலுள்ள சுருவில் போன்ற கிராமங்களிலே, "விதானையாரிட்டை ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வா" என்றே வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். அரசாங்க ஏடுகளிலே விதானையார் என்னும் அந்த ஊர்த்தலைமைப் பதவி 1963ஆம் ஆண்டிலேயே ஒழிந்துபோயிற்று. ஜனங்களின் நாவிலோ இன்றும் ஜீவித்திருக்கிறது.

ஏற்பாடு, கட்டளை என்னும் பொருளுடைய வடமொழிப் பதத்தின் வழிவந்த இச்சொல், சிங்களத்திலும் 'விதானே' என வழங்குகிறது. கோயிலிலே சுவாமிக்கு மேலே கட்டும் விதானம் வேறு சொல்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே பிரிவுக்கு மணியகாரர், அவருக்குக் கீழே உடையார், ஊருக்கு விதானையார் என்று அதிகாரம் படிப்படியாக இறங்கிவந்தது. களவு நேர்ந்தாலும், வேலித் தகராறு மூண்டாலும் முதலில் விதானையார் வீட்டுக்கே ஓடினார்கள். பெரும்பாலும் நிலபுலமும் செல்வாக்குமுடைய குடும்பங்களுக்கே அப்பதவி கிடைத்தபடியால், நியாயம் நாடிச் சென்ற எளியவர்கள் பலர் முற்றத்தோடே நிறுத்தப்பட்டார்கள் என்பதை மறைத்தல் தகாது.

1946இல் மணியகாரர் போய்க் காரியாதிகாரி வந்தார். 1963இல் விதானையார் போய்க் கிராம சேவகர் வந்தார். பின்னர் அவரும் கிராம அலுவலரானார். தலைவனைச் சேவகனாக்கிய அந்தப் பெயர்மாற்றம் நல்ல நோக்கமுடையதே. ஆயினும் ஜனங்கள் பழைய பெயரை விடாததற்குப் பழைய அதிகாரத்தின்மீதுள்ள மோகம் காரணமன்று என்பது என் துணிபு. இன்னாருடைய பிள்ளை, இன்ன வளவிலே குடியிருப்பவன் என்று நம்மை அறிந்து, அரசாங்கத்தின் முன்னே நமக்காகச் சாட்சி சொல்லவல்ல ஒருவர் வேண்டும். அந்த உறவுக்கு உத்தியோகப் பெயர் போதவில்லை.

1990ஆம் ஆண்டிலே யுத்தம் தீவகத்து மக்களை ஊரைவிட்டுப் பெயர்த்தபோது இந்த உண்மை நன்கு புலப்பட்டது. வீடும் காணி உறுதியும் கைவிட்டுப் போன நிலையிலே, நிவாரண அட்டை பெறுவதற்கு, "உங்கடை விதானையார் ஆர்?" என்ற வினாவுக்கு விடை சொல்லவேண்டியிருந்தது. அந்த விடையிலேதான் அவர்களுடைய ஊர் எஞ்சியிருந்தது.

இக்காலத்திலே பெண்கள் பலர் கிராம அலுவலர் பதவியை வகிக்கிறார்கள். 'ஆர்' என்னும் மரியாதை விகுதி இருபாலார்க்கும் உரியதாகையால், சொல்லை மாற்றவேண்டிய அவசியமே நேரவில்லை. "விதானையார் வந்திட்டா" என்றால் வந்தவர் பெண் என்பது யாழ்ப்பாணத்துச் செவிக்கு விளங்கிவிடும்.