வண்டற்குளமும் கலிங்கும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டிற் பிறந்த நமக்கு வண்டல் என்னும் சொல் இனிமை தருவதாகும். புதுப்புனல் கொணரும் வண்டல் வயலிற் படியுமாயின் உழவர் உவப்பர். அதுவே ஏரியிற் படியுமாயின் ஏரி மேடுறும். ஆகவே வண்டல் நன்றோ தீதோ என்பது அது படியும் இடத்தைப் பொறுத்ததாகும். சுரங்கங்களிற் பெய்யும் பெருமழை அடித்துவரும் மண்ணை உரிய இடத்தில் தங்கச் செய்வது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கொள்ளிடத்துக்கு வடக்கே, வீராணம் ஏரிக்கும் அப்பால், நெய்வேலி உள்ளது. அங்குப் பழுப்பு நிலக்கரி எடுத்தற்பொருட்டு 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் ஒன்று அமைக்கப்பெற்றது. நிலக்கரியை அடையுமுன் அதன் மேலுள்ள மண்ணையெல்லாம் அகழ்ந்து குவித்தல் வேண்டும். புல்லும் வேரும் பற்றாத அம்மேடுகளை ஐப்பசி, கார்த்திகை மழை எளிதில் கரைத்துவிடும். சுரங்க நீர் செங்கால் ஓடை வழியாக வாலாஜா ஏரியை அடைந்து பல வயல்களை வாழ்விக்கின்றது. எனினும், நீரோடு வந்த மண் ஏரியைத் தூர்த்தது என்பது அப்பகுதி உழவரின் நெடுநாள் முறையீடு. நீர் வேண்டும்; மண் வேண்டா. இதற்கு வழி, ஓடையிற் கலக்குமுன் நீரை ஒரு குளத்தில் தேக்கித் தெளியவைத்தலே. அதனை வண்டற்குளம் என்போம்.

கலங்கல் நீரைக் குடத்தில் வைத்தால் முதலில் மணலும், பின்னர் நுண்மண்ணும் அடியிற் படிதலைக் காண்கிறோம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருமையுள்ள துகள், அசைவற்ற நீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அதனினும் ஐந்து மடங்கு சிறிய களிமண் துகளுக்கோ மூன்று நாள் ஆகும். இதனால்தான் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளிவிக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஏற்பட்டது. குளங்களில் அவ்வேலையைப் படிகாரம் செய்கின்றது; அது நுண்துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பருமையாக்குகின்றது.

குளம் ஆழமாயிருந்தால் போதும் என்று எண்ணற்க. துகள் இறங்கும் வேகத்துக்கும் வரும் நீரின் அளவுக்கும் ஏற்ற பரப்பே முதன்மையானது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்து முழுதும் வழிந்தால், 500 கன மீட்டர் நீர் சேரும். மணிக்கு ஒரு மீட்டர் இறங்கும் துகளை அந்நீரினின்று பிரிக்க 500 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். ஆழம், படிந்த வண்டலைத் தாங்குதற்கே பெரிதும் உதவும். நீர் புகும் வாயும் வெளியேறும் வாயும் அருகருகே இருத்தலும் ஆகாது. இருப்பின் நீர் தெளியாமலே குறுக்கே ஓடிவிடும்.

இனிக் கலிங்கைப் பற்றிக் கூறுவோம். நிறைந்த ஏரியின் மிகைநீர் கரையை மீறாது வழிந்தோட அமைத்த கல்வாயிலே கலிங்கு. அதன் மட்டம் கரையினும் தாழ்ந்திருத்தல் வேண்டும். நீர் விழும் இடம் அரிக்கப்படாதபடி கல் பாவுதலும் வேண்டும். மண்கரையின்மேல் ஒருமுறை நீர் வழியத் தொடங்கினால், அது சிறிது நேரத்திற் கரைந்து உடையும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள பஃபலோ கிரீக் என்னுமிடத்தில், நிலக்கரிச் சுரங்கக் கழிவுகளாலான அணையொன்று 1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-இல் பெருமழைக்குப் பின் உடைந்தது. மிகைநீர் செல்லத் தக்க வழி அதற்கு இல்லை. 125 பேர் உயிரிழந்தனர்.

பத்தாண்டுக்கொரு பெருமழையைக் கருதிக் குளம் அமைத்தோம் என்பர். அதன் பொருள் பத்தாண்டு அச்சமில்லை என்பதன்று. ஒவ்வோர் ஆண்டும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே. இருபது ஆண்டுகளில் அம்மழை ஒருமுறையேனும் பெய்தற்கு நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு வாய்ப்பு உளது. ஆதலின் கலிங்கை அதனினும் பெரிய மழைக்கு ஏற்ப அமைத்தல் அறிவுடைமை.

மழை ஓயும் காலத்தில், இன்னும் சிறிது நீர் நிற்கட்டும் என்று கலிங்கை மண்ணால் அடைப்பாரும் நம் ஊர்களில் உளர். எதிர்பாரா மழை அன்றிரவே வருமாயின், அச்சிறிது நீருக்காகக் கரை முழுவதும் போய்விடும். வண்டற்குளத்தைத் தூர் வாராது விடுதலும் இத்தகைய பிழையே. தூர்ந்த குளம் மண்ணையும் தடுக்காது, நீரையும் தாங்காது. தேக்குதலும் போக்குதலும் ஒருங்கே அறிந்தவனே குளம் அமைக்க வல்லவன். ஆண்டுதோறும் மழைக்கு முன் அதனைச் சென்று காண்பவனே அதனைக் காக்க வல்லவன். கீழேயுள்ள உழவனின் வயலும் உயிரும் அவ்விருவர் கையிலும் உள்ளன.