முன்னுரிமையும் போக்குவரவும்: குடாநாட்டில் நோயாளர் காவுதல் பற்றிச் சில குறிப்புகள்

பலர் ஒரே வேளையிற் காயமுறும்போது யாரை முதலில் எடுத்துச் செல்வது என்ற வினா, மருத்துவ நுட்பம் மட்டும் சார்ந்ததாகத் தோன்றலாம். ஆயின் சமுதாய உறவுகளுக்கு அப்பால் நின்று அதற்கு எவரும் விடை கண்டதில்லை. நெப்போலியனின் படைகளிற் பணியாற்றிய அறுவை மருத்துவர் லாரே, பதவியை நோக்காது கடுங்காயமுற்றோருக்கே முதலிடம் அளிக்கவேண்டும் என்றார். பிரபுத்துவத்தை வீழ்த்திய புரட்சியின் பிள்ளை அவ்விதி எனலாம். 1846இல் பிரித்தானியக் கடற்படை மருத்துவர் யோன் வில்சன் இதனைத் திருத்தினார்: சிறுகாயம் உடையோரும் பிழைக்க இயலாதோரும் காத்திருக்க, உடனடிச் சிகிச்சையாற் பிழைக்கக்கூடியோரை முதலிற் கவனித்தல் வேண்டும்.

இன்றைய வண்ண அட்டைகள் இவற்றின் வழிவந்தவை. சிவப்பு உடனே செல்லவேண்டியோருக்கு, மஞ்சள் சற்றுத் தாமதிக்கக்கூடியோருக்கு, பச்சை நடக்கவல்லோருக்கு, கறுப்பு இறந்தோருக்கும் இருக்கும் வசதிகளாற் காப்பாற்ற முடியாதோருக்கும். இக்கறுப்பு அட்டையே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. அதைத் தீர்மானிப்பது காயம் மட்டுமன்று, கையிலுள்ள வளமுமாகும். இன்னொரு வண்டியும் இன்னொரு மருத்துவரும் இருப்பின் அதே மனிதனுக்குச் சிவப்பு அட்டை கட்டப்பட்டிருக்கும்.

எமது சமுதாயத்தில் ‘யார் முதல்’ என்பதைப் பிறப்பும் நிலவுடைமையுமே நெடுங்காலம் தீர்மானித்தன. கோயிலின் முதல் மரியாதையும் தேநீர்க்கடையின் தனிக்குவளையும் அதன் வெளிப்பாடுகள். 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் எதிர்த்தது இவ்வரிசையையே. தேவையே வரிசையைத் தீர்மானிக்கும் என்ற கோட்பாடு, அவ்வகையில், எம்மிடையே ஒரு சனநாயகக் கோரிக்கையுமாகும். தெரிந்தவரைப் பிடித்து முந்திக்கொள்ளும் வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

வரிசை சரியாயினும் போக்குவரவு அதனைக் குலைத்துவிடும். பேரிடரில் நடக்கவல்லோர் தாமாகவே அண்மையிலுள்ள வைத்தியசாலையை முதலில் அடைந்து அதனை நிரப்பிவிடுவர். கடுங்காயமுற்றோர் பின்னர் வந்து இடமின்றித் தவிப்பர். எனவே, எல்லோரையும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே குவியாது, தெல்லிப்பழை, சாவகச்சேரி, மந்திகை ஆதார வைத்தியசாலைகளுக்கும் பகிர்ந்தனுப்புதல் முக்கியமாகும்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாண வைத்தியசாலையும் மந்திகைக்குப் பெயர்ந்தது. எரிபொருட் தடை நிலவிய அக்காலத்தில் நோயாளரைச் சுமந்தவை பெரும்பாலும் மிதிவண்டியும் உழவு இயந்திரமுமே. அங்கே வரிசையைத் தீர்மானித்தது அட்டையன்று. வாகனம் யாரிடம் இருந்தது என்பதே.

இந்திய நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை, 2018 யூலையில் வட மாகாணத்தை எட்டியது. (‘காவுதல்’ எமக்குச் சுமத்தல், தமிழகத்தார் செவியிற் ‘காவு’ பலியென ஒலித்தல் வேறு.) அழைப்பவரின் சாதியையோ பணத்தையோ வினவாத ஏற்பாடு என்ற வகையில் இதன் பெறுமதி பெரிது.

எனினும் அவ்வண்டிக்குத் தரை வேண்டும். நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு. பெரிய அறுவைச் சிகிச்சைக்கோ யாழ்ப்பாணம் செல்லவேண்டும். குறிகட்டுவான்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். பின்னர் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் எனத் தரைவழி. சோளகம் வீசும் மாதங்களில் இரவில் வலியெடுக்கும் கர்ப்பிணிக்கு எவ்வண்ண அட்டை கட்டினும், படகு புறப்படுமா என்பதைக் காற்றே தீர்மானிக்கின்றது.