பொதி சுமக்கும் மோட்டார் சைக்கிள்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் உள்ள கோப்பாய், செம்மண் தோட்டங்கள் நிறைந்த ஊர். தோட்டக்காரனுக்கு மோட்டார் சைக்கிள் ஏறிச்செல்லும் வாகனம் மட்டுமன்று; வெங்காயத்தையும் மரக்கறியையும் சந்தைக்குச் சுமக்கும் வண்டியும் அதுவே.

பொதியின் பாரத்தைப் போலவே அது அமரும் இடமும் முக்கியமானது. பின்சில்லின் அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால் முன்சில்லு இலேசாகும். வண்டி கைக்கு அடங்காது. உயர அடுக்கினால், குழியில் இறங்கும்போது சரியும். ஆதலின் கனத்த பொருள்களைத் தாழ்வாகவும், இருபுறமும் சமமாகவும், இருக்கையை ஒட்டியும் கட்டுதல் வேண்டும்.

பாரம் ஏற்றுமுன் ரயரின் காற்று, சங்கிலியின் தளர்வு, சில்லுக் கம்பிகளின் இறுக்கம், பிரேக் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நன்று. தொங்கும் கயிற்று நுனி சங்கிலியிலோ சில்லிலோ சிக்கினால் விபத்து நேரும். கரடுமுரடான பாதையின் குலுக்கலில் புதுக்கட்டு நெகிழுமாதலால், சிறிது தூரம் சென்றதும் வண்டியை நிறுத்தி மீண்டும் இறுக்குதல் வேண்டும்.

இது சந்தைக்கு மட்டும் உதவும் அறிவன்று. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள், போரினால் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கட்ட முடிந்தவையே அன்று பலருக்கு எஞ்சிய உடைமை. முதியோரையும் குழந்தைகளையும் அவற்றிலேயே ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது.

எதைக் கட்டுவது என்பதோடு, எதை விட்டுச்செல்வது என்பதும் பொதி கட்டுவோர் அறியவேண்டியதே. வண்டி தாங்கும் அளவை மீறாத பொதியே ஊர்போய்ச் சேரும்.