பெரட்டுக்கு முன்னால் புறப்படுகிறவர்கள்

டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டபோது, நோயாளிகளின் தூரம் குறைந்தது என்று மகிழ்ந்தோம். வைத்தியசாலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களின் தூரத்தைப் பற்றி நானும் நினைக்கவில்லை.

நினைக்க வைத்தவர் எங்கள் பகுதித் தோட்டத்தின் மேற்பிரிவில் வாழும் ஒரு தங்கை. 1983 கலவரத்தின் பின் வன்னிக்குப் போன குடும்பம். யுத்தத்தில் தகப்பனை இழந்து, 2009க்குப் பிறகு தாயோடு பாட்டியின் லயத்துக்குத் திரும்பியவர். கணவருக்குக் கொழும்பில் கடைவேலை. இவருக்கு நகரத்து வைத்தியசாலை ஒன்றில் சுத்திகரிப்பு வேலை. காலை 7 மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். 4.45க்கு டோர்ச் வெளிச்சத்தில் தேயிலைக்குள் இறங்கினோம். சிறுத்தை நடமாடும் பாதை. சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தார். பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டார்.

"பஸ்ஸு பரவாயில்லக்கா. புள்ளைய எங்க விட்டுட்டு வாறது?"

தோட்டத்துப் பிள்ளை மடுவம் பெரட்டு நேரத்துக்குத்தான் திறக்கும். (வடக்கு, கிழக்குச் சகோதரிகளுக்காக: பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது.) கொழுந்தெடுக்கும் தாய்க்கு அது சரி. இவருக்கு? பிள்ளையைப் பார்த்துவந்த அம்மாவுக்கு இழுப்பு வந்ததும், வேலையை விடப்போவதாகச் சொன்னார்.

மாதர் சங்கத்தில் பேசினோம். பக்கத்து லயத்தில், தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி முன்வந்தார். மாதக் கூலி கேட்டார். சிலர் முணுமுணுத்தார்கள், எனக்கோ அது நியாயமாகவே பட்டது, பிள்ளை பார்ப்பதும் வேலைதானே. சம்பளத்தில் காற்பங்கு அதற்கே போகிறது.

இப்போது நாலரை மணிக்கே பாட்டியின் காம்பராவில் விளக்கு எரிகிறது.