ஆட்டோ கியர் எண்ணெய்: வீட்டிலேயே மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட, ஆட்டோ கியர் பெட்டிக்குள்ளும் ஓர் எண்ணெய் இருப்பதை மறந்துவிடுவதுண்டு. கியர் விழத் தாமதமாகி, கார் இழுக்க மறுக்கும்போதுதான் நினைவு வருகிறது. அதற்குள் பழுதுச் செலவு சில ஆயிரம் ரிங்கிட்டைத் தொட்டுவிடும். வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஒரே காரை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு அது பெரிய அடி.

இந்த எண்ணெய் வழவழப்புக்கு மட்டுமல்ல. எஞ்சினின் சக்தியைச் சக்கரத்திற்குக் கடத்துவதும், கியரை மாற்ற அழுத்தம் கொடுப்பதும், சூட்டைத் தணிப்பதும் இதுவே. கேமரன் மலை போன்ற ஏற்றங்களும் நகர நெரிசலும் எண்ணெயைச் சீக்கிரம் சூடாக்கிக் கெடுக்கும். பல கார்களுக்கு 40,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது நல்லது. சரியான கணக்கு காரின் கையேட்டில் இருக்கும்.

எந்த எண்ணெய்?

காரின் பெயரை மட்டும் சொல்லி எண்ணெய் வாங்கக்கூடாது. புரோட்டோன் சாகாவின் 2016 ஆட்டோ வகையில் இருந்தது சிவிடி பெட்டி. 2019 ஆகஸ்டில் வந்த சாகாவில் இருப்பது சாதாரண 4 கியர் ஆட்டோ. பெரோடுவா மைவியில் இது தலைகீழ்: முன்பு 4 கியர் ஆட்டோ, 2021 நவம்பருக்குப் பின் சிவிடி. இரண்டுக்கும் எண்ணெய் வேறு. மாற்றி ஊற்றினால் பெட்டியே பாழாகும். கையேட்டில் உள்ள எண்ணெய் வகையைக் கடைக்காரரிடம் காட்டி வாங்க வேண்டும்.

கீழே உள்ள முறை, அடியில் எண்ணெய்த் தட்டு உள்ள சாதாரண ஆட்டோ பெட்டிக்கானது. சிவிடி காரையும், உத்தரவாதக் காலத்தில் உள்ள காரையும் சேவை மையத்திடம் விடுவதே நல்லது.

முதலில் பாதுகாப்பு

சமமான சிமெண்டுத் தரை வேண்டும். செம்மண் தரையில் ஜாக்கி புதைந்து சாயும். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. இரும்புத் தாங்கிகளை வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எண்ணெய் இளஞ்சூடாக இருந்தால் எளிதில் வடியும். நெடுந்தூரம் ஓடி வந்த உடனே திறந்தால் கை வெந்துவிடும்.

அளவுகோல் இல்லாத கார்களில், எண்ணெய் ஊற்றும் திருகை முதலில் தளர்த்திப் பார்க்க வேண்டும். அது திறக்காவிட்டால் வடிக்கும் வேலையைத் தொடங்கக்கூடாது. வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் கார் அங்கேயே நின்றுவிடும்.

வடிப்பதும் வடிகட்டியும்

பழைய எண்ணெயை ஒரு பேசினில் பிடித்து, பழைய மினரல் வாட்டர் போத்தல்களில் ஊற்றி அளந்து வைக்க வேண்டும். எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவுதான் முதலில் உள்ளே போக வேண்டும்.

தட்டைக் கழற்றினால் உள்ளே சிறு காந்தங்கள் தெரியும். அவற்றில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாக ஒட்டியிருப்பது வழக்கம். கையில் நெருடும் உலோகச் சில்லுகள் கிடந்தால் பெட்டிக்குள் தேய்மானம் அதிகம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வடிகட்டியை எடுக்கும்போது அதன் பழைய ரப்பர் வளையம் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளலாம். அதைக் கவனிக்காமல் புதியதைப் பொருத்தினால் சரியாக உட்காராது. காற்றை உறிஞ்சி அழுத்தம் குறையும். சில கார்களில் கம்பி வலை வடிகட்டி இருக்கும். அதைக் கழுவி மாட்டலாம். வேறு சிலவற்றில் பெட்டியைப் பிரித்தால்தான் வடிகட்டி கிடைக்கும். அவற்றில் எண்ணெயை மட்டும் மாற்றினால் போதும்.

தட்டையும் காந்தங்களையும் துடைத்து, புதிய கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். அவை சிறிய போல்ட்டுகள். பலம் காட்டினால் மரை போகும், தட்டு நெளியும், ஒழுகும்.

ஊற்றிய பின்

அளந்த அளவு ஊற்றியதும் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியருக்கும் மாற்றி மீண்டும் பி-க்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான கார்களில் எண்ணெய் சூடான பின், எஞ்சின் ஓடும்போதே அளவு பார்க்க வேண்டும். சிலவற்றில் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். இங்கும் கையேடு சொல்வதே சரி. குறைவு கெடுதல் என்பதுபோல் அதிகமும் கெடுதல், நுரைத்துவிடும்.

தட்டிலிருந்து வடிவது முழு எண்ணெயும் அல்ல. 6 லிட்டர் கொள்ளும் பெட்டியில் 3 லிட்டர் வடிந்தால், பாதிதான் புதிது. சில வாரம் ஓட்டி மறுபடி அதே அளவு மாற்றினால் முக்கால் பங்கு புதிதாகும்.

எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை வந்து, கியரும் வழுக்கத் தொடங்கியிருந்தால் வீட்டில் கைவைக்க வேண்டாம். அந்தக் கோளாறு எண்ணெய் மாற்றுவதால் தீராது.

பழைய எண்ணெயைக் கால்வாயிலோ செம்பனை மரத்தடியிலோ கொட்டக்கூடாது. மலேசியாவின் 2005 சுற்றுச்சூழல் விதிமுறைகளில் அது அட்டவணையிட்ட கழிவு. போத்தலை இறுக மூடி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். அடுத்த நாள் காலையில் கார் நின்ற இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நெடும்பயணம் போக வேண்டும்.